ஆங்கிலப் பெயர்ச்சொல்லின் வகைகளும் தமிழ் மாணவரின் தடுமாற்றமும்

கொழும்பில் தமிழ் மொழிமூலம் படிக்கும் பிள்ளைகளின் ஆங்கிலக் கொப்பிகளைத் திறந்தால், பெயர்ச்சொல் என்ற தலைப்பின் கீழ் பெரும்பாலும் ஒரே பட்டியல்தான் இருக்கும்: சிறப்புப்பெயர், பொதுப்பெயர், கூட்டப்பெயர், பொருட்பெயர், கருத்துப்பெயர். ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு மூன்று உதாரணங்கள். கொழும்பு என்றால் சிறப்புப்பெயர், நகரம் என்றால் பொதுப்பெயர், தங்கம் பொருட்பெயர், நேர்மை கருத்துப்பெயர். வெள்ளவத்தையில் மாலை வேளைகளில் சாதாரண தர, உயர்தர மாணவர்களுக்கும் வேலைக்குப் போகும் பெரியவர்கள் சிலருக்கும் ஆங்கிலம் கற்பித்து வருபவள் என்ற முறையில், இந்தப் பட்டியலைப் பிழையில்லாமல் ஒப்புவிக்கும் மாணவர் அடுத்த நிமிடமே 'பேர்னிச்சர்ஸ்' என்றும் 'இன்பர்மேஷன்ஸ்' என்றும் எழுதுவதை நான் தொடர்ந்து பார்க்கிறேன். பட்டியலில் பிழை எதுவும் இல்லை. அது ஒரு சொல் எதைக் குறிக்கிறது என்பதைச் சொல்கிறதே தவிர, அந்தச் சொல்லை வாக்கியத்தில் எப்படி நிறுத்துவது என்பதைச் சொல்வதில்லை.

தமிழ் இலக்கணத்திலும் பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என்று பெயர்ச்சொல்லை ஆறாகப் பிரிக்கிறோம். இதுவும் பொருள் நோக்கிய பிரிவுதான். ஆனால் தமிழ் வாக்கியத்தை உண்மையில் ஆள்வது இந்த ஆறு அல்ல. உயர்திணை, அஃறிணை என்ற பிரிவே. எழுவாய் எந்தத் திணை என்று தெரியாமல் 'வந்தார்' என்பதா 'வந்தது' என்பதா என்று முடிவெடுக்க முடியாது. அந்த முடிவைத் தாய்மொழியாளர்களாகிய நாம் யோசிக்காமலே எடுக்கிறோம். தமிழைப் புதிதாகக் கற்கும் ஒருவரோ ஒவ்வொரு பெயரிடமும் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. ஆங்கிலத்தில் திணைக்குரிய இந்த இடத்தில் இருப்பது எண்ணத்தக்கதா, எண்ணத்தகாததா என்ற பிரிவு. சொல்லுக்கு முன்னால் 'எ' வருமா, பின்னால் 'எஸ்' சேருமா, 'மெனி' என்பதா 'மச்' என்பதா, 'இஸ்' என்பதா 'ஆர்' என்பதா என்ற அத்தனைக் கேள்விகளுக்கும் விடை அங்கேதான் கிடக்கிறது. ஆகவே ஆங்கிலப் பெயர்ச்சொல் வகைகளைக் கற்பிக்கும்போது இதைத்தான் முதலில் வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பல பாடக் குறிப்புகளில் இது கடைசிப் பக்கத்தில் வருகிறது. அதற்குள் தவணை முடிந்துவிடுகிறது.

தமிழ் மாணவர் இந்த இடத்தில் இரண்டு விதமாகத் தடுமாறுகிறார். 'மரம் விழுந்தது', 'மரம் விழுந்தன' இரண்டும் தமிழில் சரியான வாக்கியங்கள். மரம் என்ற சொல் ஒருமைக்கும் பன்மைக்கும் பொதுவாக நிற்க, வினைமுற்று எண்ணைக் காட்டிவிடுகிறது. இத்தகைய பெயர்களைப் பால்பகா அஃறிணைப் பெயர்கள் என்று நன்னூல் வகைப்படுத்துகிறது. 'இரண்டு மாம்பழம் வாங்கினேன்' என்று சொன்னால் யாரும் குறை காண்பதில்லை, ஏனெனில் இரண்டு என்ற சொல்லே போதுமான தகவலைத் தந்துவிட்டது. இந்தப் பழக்கத்தோடு ஆங்கிலத்துக்கு வருபவர் 'டூ மேங்கோ' என்று எழுதிவிட்டு, அதில் என்ன குறை என்று உண்மையாகவே புரியாமல் நிற்கிறார். எண்ணத்தக்க ஒரு பெயரை ஆங்கிலம் தனியே விடுவதில்லை. ஒன்றென்றால் முன்னால் ஏதாவது ஒரு சொல் நிற்க வேண்டும், பலவென்றால் பன்மை உருபு வர வேண்டும்.

இரண்டாவது தடுமாற்றம் இதற்கு நேர்மாறானது. தகவல்கள், அறிவுரைகள், தளபாடங்கள், உபகரணங்கள், சான்றுகள், வீட்டுப்பாடங்கள், பயணப்பொதிகள் என்று தமிழில் இயல்பாகப் பன்மையாகும் சொற்களுக்கு இணையான ஆங்கிலச் சொற்களில் ஒன்றுகூடப் பொது வழக்கில் பன்மை உருபை ஏற்காது. 'இன்பர்மேஷன்', 'அட்வைஸ்', 'பேர்னிச்சர்', 'எக்யூப்மென்ட்', 'எவிடன்ஸ்', 'ஹோம்வேர்க்', 'லக்கேஜ்' ஆகிய ஏழையும் நான் முதல் வாரத்திலேயே எழுதிக் கொடுத்துவிடுவேன். நமது அலுவலகக் கடிதங்களிலும் விளம்பரப் பலகைகளிலும் காணும் பிழைகளில் பெரும்பகுதி இந்த ஏழில்தான் இருக்கிறது. ஒரு கதிரையைச் சொல்ல வேண்டுமென்றால் 'எ பேர்னிச்சர்' என்று சொல்ல முடியாது. 'எ பீஸ் ஒவ் பேர்னிச்சர்' என்று ஓர் அலகை முன்னால் வைத்தே சொல்ல வேண்டும். இங்கே ஐந்து வகைப் பட்டியல் உதவாதது மட்டுமல்ல, தவறான வழியையும் காட்டுகிறது. கதிரை, மேசை, அலுமாரி எல்லாம் சேர்ந்ததுதானே 'பேர்னிச்சர்', அப்படியானால் அது கூட்டப்பெயர், கூட்டம் என்றால் பல, பல என்றால் 'எஸ்' போட வேண்டும் என்று மாணவர் படிப்படியாகத் தர்க்கம் செய்து பிழைக்கு வந்து சேர்கிறார்.

எண்ணத்தகாதது என்றால் எண்ண முடியாத பொருள் என்று விளங்கிக்கொள்வதும் இதே போன்ற இடர்தான். "காசை எண்ணத்தானே செய்கிறோம், மிஸ்?" என்று ஏதாவது ஒரு பிள்ளை ஒவ்வொரு வகுப்பிலும் கேட்கும், அந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தமானது. நாம் எண்ணுவது ரூபாயை. 'ருப்பீ' எண்ணத்தக்க பெயர், 'மனி' எண்ணத்தகாத பெயர். செட்டியார் தெருவின் நகைக்கடைகளில் தங்கத்தைப் பவுண் கணக்கிலும் காப்புகளைச் சோடிக் கணக்கிலும் எண்ணுகிறார்கள். ஆங்கிலத்தில் 'கோல்ட்' எண்ணத்தகாதது, 'பேங்கிள்' எண்ணத்தக்கது, 'ஜுவெல்' எண்ணத்தக்கது, ஆனால் அதிலிருந்தே பிறந்த 'ஜுவெலரி' எண்ணத்தகாதது. பொருளின் இயல்பு இங்கே எதையும் தீர்மானிக்கவில்லை. மொழி அந்தப் பொருளைத் தனித்தனி உருப்படிகளாக நோக்குகிறதா, எல்லை குறிக்கப்படாத ஒரு திரளாக நோக்குகிறதா என்பதே தீர்மானிக்கிறது. டென்மார்க் நாட்டு மொழியறிஞர் ஒட்டோ யெஸ்பர்சன் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்கிலப் பெயர்களை எண்ணத்தக்கவை, திரள்சொற்கள் என்று பிரித்து விளக்கியது இந்த நோக்கைப் பற்றியதே.

சாப்பாட்டு மேசை இதற்கு நல்ல பாடசாலை. பேக்கரியில் 'இரண்டு பாண் தாங்கோ' என்று கேட்டால், றாத்தல் பாண் இரண்டைக் கடைக்காரர் எடுத்துத் தருவார். பாண் என்பது நமக்கு ஒரு முழு உருப்படி, ஆகவே அதை நேரடியாக எண்ணுகிறோம். ஆங்கிலத்தின் 'ப்ரெட்' உருப்படியின் பெயரல்ல, அந்த உணவின் பெயர். எண்ண வேண்டுமானால் 'லோஃப்' என்ற வேறொரு பெயரைக் கொண்டுவர வேண்டும். வெட்டிய துண்டு என்றால் 'ஸ்லைஸ்'. 'டூ ப்ரெட்ஸ்' என்று நம் பிள்ளைகள் சொல்வது பாண் என்ற சொல்லின் இலக்கணத்தை அப்படியே 'ப்ரெட்'டுக்குப் பொருத்துவதால் வருகிறது. வயலில் நெல், மூட்டையில் அரிசி, கோப்பையில் சோறு என்று நாம் மூன்று பெயர் வைத்திருக்கும் பொருளுக்கு 'றைஸ்' என்ற ஒரே சொல்லைப் பயன்படுத்தும் ஆங்கிலம், அதை எண்ணத்தகாததாகவே வைத்திருக்கிறது. அதே அரிசியின் மாவில் அவித்த இடியப்பம் 'ஸ்ட்ரிங் ஹொப்பர்ஸ்' ஆகும்போது எண்ணத்தக்கதாகிறது.

எல்லாவற்றிலும் தெளிவான உதாரணம் பருப்பு. ஆங்கிலத்தில் 'டால்' என்று சொன்னால் எண்ணத்தகாதது, 'லென்டில்ஸ்' என்று சொன்னால் எண்ணத்தக்கது. சட்டியில் கிடக்கும் பொருள் ஒன்றுதான். சொல்லை மாற்றினால் வினைச்சொல்லும் மாறுகிறது, 'இஸ்' போய் 'ஆர்' வருகிறது. இந்த எல்லை காலப்போக்கில் நகரவும் செய்கிறது. பழைய ஆங்கிலத்தில் பட்டாணிக்கு 'பீஸ்' என்ற ஒருமைச் சொல்லே இருந்தது. அதன் கடைசி ஒலியைப் பன்மை உருபு என்று மக்கள் எடுத்துக்கொண்டதால், அதிலிருந்து 'பீ' என்ற புதிய ஒருமை பிறந்து, இன்று அகராதியில் நிலைபெற்றுவிட்டது.

ஒரே சொல் இரு பக்கமும் நிற்கக்கூடும் என்பதை விளங்கிக்கொண்டால் பெயர்ச்சொல் பாடத்தின் கடினமான பகுதி கடந்துவிட்டது என்றே சொல்வேன். தேயிலையை எடுத்துக்கொள்ளுங்கள். 'டீ' அடிப்படையில் எண்ணத்தகாத பெயர். ஆனால் கடையில் அமர்ந்து 'டூ டீஸ், ப்ளீஸ்' என்று கேட்பது பிழையல்ல. அங்கே பொருள் இரண்டு கோப்பை. கொழும்பில் 1883 இல் தொடங்கிய தேயிலை ஏலத்தின் ஆங்கில வழக்கில் 'டீஸ்' என்ற பன்மை சாதாரணமாக வரும். அங்கே கோப்பை என்ற பொருளும் இல்லை, வகை என்ற பொருளே இருக்கிறது. ஊவாவின் தேயிலை ஒரு வகை, 4000 அடிக்கு மேல் விளையும் உயர்நிலத் தேயிலை ஒரு வகை, 2000 அடிக்குக் கீழ் விளையும் தாழ்நிலத் தேயிலை இன்னொரு வகை. ஆக, எண்ணத்தகாத ஒரு பெயர் பன்மையாகும்போது அது பரிமாறும் அலகைச் சொல்கிறதா, வகையைச் சொல்கிறதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். எண்ணெய், வைன், பாற்கட்டி ஆகியவற்றின் ஆங்கிலப் பெயர்களுக்கும் வகை என்ற இந்தப் பொருளில் பன்மை உண்டு.

சில சொற்களில் பன்மை உருபு பொருளையே மாற்றிவிடும். 'டெமேஜ்' என்றால் சேதம். 'டெமேஜஸ்' என்றால் புதுக்கடை நீதிமன்றங்களில் வழக்காடிப் பெறும் நட்டஈடு. 'கஸ்டம்' வழக்கம், 'கஸ்டம்ஸ்' சுங்கம். 'வேர்க்' வேலை, 'வேர்க்ஸ்' கட்டுமானப் பணிகளையோ ஓர் எழுத்தாளரின் ஆக்கங்களையோ குறிக்கும். வேலை தேடுவோருக்கு மிகவும் இன்றியமையாதது 'எக்ஸ்பீரியன்ஸ்' என்ற சொல். புறக்கோட்டையில் கணக்கெழுதும் வேலை பார்க்கும் என் மாணவர் ஒருவர் ஒரு நிறுவனத்துக்கு விண்ணப்பம் எழுதியபோது, தமக்குக் கணக்கியலில் 'மெனி எக்ஸ்பீரியன்சஸ்' உண்டு என்று குறிப்பிட்டிருந்தார். தொழிலில் பெற்ற தேர்ச்சி என்ற பொருளில் அச்சொல் எண்ணத்தகாதது, ஆகவே உருபில்லாமல் நிற்க வேண்டும். பன்மையில் அது வாழ்க்கையில் நேர்ந்த சம்பவங்களைக் குறிக்கும். அந்த உருபை எடுத்துவிட்டு, 'மெனி' இருந்த இடத்தில் ஆண்டுக் கணக்கை எழுதியதும் வாக்கியம் நேராகிவிட்டது. விண்ணப்பத்தை வாசிப்பவர் முதலில் பார்க்கும் வரியாகவும் அதுவே இருக்கக்கூடும் என்பதால், அந்த ஒரு சொல்லுக்காக அரை மணி நேரம் செலவிட்டதை நான் வீண் என்று கருதவில்லை.

இனிப் பழைய பட்டியலின் மற்ற வகைகளுக்கு வருகிறேன். சிறப்புப்பெயர் எல்லாருக்கும் விளங்கும் வகை என்றாலும், எழுத்தில் நமக்கு ஓர் இடர் உண்டு. தமிழ் எழுத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடே இல்லை. ஆகவே ஆட்பெயருக்கும் ஊர்ப்பெயருக்கும் பெரிய எழுத்துப் போடப் பழகிய பிள்ளைகூட, கிழமை, மாதம், மொழி ஆகியவற்றின் பெயர்களைச் சிறிய எழுத்தில் தொடங்கிவிடுகிறது. திங்கட்கிழமையும் மார்ச்சும் தமிழும் ஆங்கிலத்தில் சிறப்புப்பெயர்கள். கோடை, மாரி போன்ற பருவங்கள் பொதுப்பெயர்கள். சிறப்புப்பெயருக்கு முன்னால் 'த' வராது என்ற விதியையும் அரைகுறையாகக் கற்பிக்கக் கூடாது. காலி வீதிக்கும் செட்டியார் தெருவுக்கும் ஆங்கிலப் பெயர்கள் 'த' இல்லாமலே வரும், பேர வாவிக்கும் அப்படியே. களனி கங்கைக்கோ 'த' வேண்டும். ஆறுகளுக்கும் கடல்களுக்கும் மலைத்தொடர்களுக்கும் அது வழக்கம். இலங்கைக்குத் தேவையில்லை, மாலைதீவுகளுக்குத் தேவை, ஏனெனில் அது பன்மைப் பெயர்.

கூட்டப்பெயரைப் பற்றி எனக்கு ஒரு குறை உண்டு. சிங்கக் கூட்டத்துக்கு ஒரு பெயர், காகக் கூட்டத்துக்கு ஒரு பெயர், ஆந்தைக் கூட்டத்துக்கு ஒரு பெயர் என்று நீண்ட அட்டவணையைப் பிள்ளைகள் மனனம் செய்கிறார்கள். இவ்வகைப் பெயர்களில் பல, 1486 இல் இங்கிலாந்தில் அச்சான, வேட்டைக் கலை பற்றிய ஒரு நூலின் பட்டியல் வழியாக வந்தவை. அவற்றுள் கணிசமானவற்றை ஆங்கிலேயரே அன்றாடப் பேச்சில் பயன்படுத்துவதில்லை. அந்த நேரத்தை 'டீம்', 'கமிட்டி', 'ஸ்டாஃப்', 'கவர்ன்மென்ட்', 'ஃபேமிலி' ஆகிய சொற்களுக்குக் கொடுப்பது பயனுள்ளது. பிரித்தானிய வழக்கில் இவற்றுக்கு ஒருமை வினையும் வரும், பன்மை வினையும் வரும். குழுவை ஓர் அமைப்பாகக் கருதினால் ஒருமை, உறுப்பினர்களைக் கருதினால் பன்மை. அமெரிக்கர் பெரும்பாலும் ஒருமையையே விரும்புவர். 'பொலிஸ்' என்ற சொல்லுக்குப் பன்மை வினை மட்டுமே உண்டு.

இதைக் கிரிக்கெட் செய்தியைக் கொண்டு விளக்கினால் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். இலங்கை ஒரு தீவு என்று எழுதும்போது 'ஸ்ரீலங்கா இஸ்' என்று எழுதும் அதே ஆங்கிலம், கெத்தாராமையில் இலங்கை துடுப்பெடுத்தாடுகிறது என்று எழுதும்போது 'ஸ்ரீலங்கா ஆர்' என்கிறது. நாட்டின் சிறப்புப்பெயர் அந்த வாக்கியத்தில் பதினொரு வீரரைக் குறிக்கும் கூட்டப்பெயராகிவிட்டது. ஒரு சொல்லுக்கு ஒரு வகை என்று பட்டியலில் ஒட்டிவைத்தால் இந்த மாற்றத்தை விளக்கவே முடியாது. அடுத்த முறை போட்டி நடக்கும்போது ஆங்கிலப் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தையும் முதற்பக்கத்தையும் அருகருகே வைத்து, நாட்டின் பெயருக்குப் பின் வரும் வினைச்சொற்களுக்குக் கீழே கோடிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 'வொன்', 'லொஸ்ட்' போன்ற இறந்தகால வினைகளில் ஒருமை, பன்மை வேறுபாடு தெரியாது. 'இஸ்', 'ஆர்', 'வொஸ்', 'வேர்' ஆகிய சொற்களையே தேட வேண்டும்.

கருத்துப்பெயர்களில் தமிழ் மாணவருக்கு அதிகத் தடை இல்லை. இனிமை, வறுமை, நேர்மை என்று நமது 'மை' விகுதி செய்யும் வேலையை அங்கே 'நெஸ்', 'இட்டி' முதலிய விகுதிகள் செய்கின்றன. 'இங்' விகுதி பெற்ற வினைப்பெயரும் நமது தொழிற்பெயரைப் போன்றதே. 'புத்தகம் வாசித்தல்' என்னும்போது வாசித்தல் பெயராக நின்றும் தன் செயப்படுபொருளை விடாமல் வைத்திருப்பது போல, 'ரீடிங் புக்ஸ்' என்பதிலும் நடக்கிறது. தொழிற்பெயர் தெரிந்த பிள்ளைக்கு இதைப் புதிதாகக் கற்பிக்கத் தேவையில்லை, நினைவூட்டினால் போதும்.

கூட்டுச்சொற்களில் மட்டும் ஓர் எச்சரிக்கை தேவை. பெயருக்கு முன்னால் இன்னொரு பெயர் அடையாக நிற்கும்போது, முன்னது பொதுவாக ஒருமை வடிவத்தில் நிற்கும். பஸ்ஸில் நீட்டுவது ஐந்து ரூபாய் என்றால் 'ஃபைவ் ருப்பீஸ்', ஐந்து ரூபாய்க் குற்றி என்றால் 'ஃபைவ் ருப்பீ கொயின்'. எண் ஐந்தாக இருந்தும் உருபு விழுந்துவிடுகிறது. எப்போதும் பன்மையாகவே வரும் 'ட்ரவுசர்ஸ்' கூட, சட்டைப்பை போலக் காற்சட்டைப்பையைச் சொல்லும்போது 'ட்ரவுசர் பொக்கெட்' என்று உருபை இழக்கிறது. விளையாட்டைக் குறிக்கும் 'ஸ்போர்ட்ஸ்' இதற்கு விலக்கு. மெயிட்லண்ட் பிளேஸ் மைதானத்துக்குரிய சிங்களீஸ் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பெயரே அதற்குச் சாட்சி.

இவ்வளவையும் விதிகளாக மனனம் செய்யச் சொல்லமாட்டேன்; கையில் ஓர் அகராதி இருந்தால் போதும். ஆங்கிலம் கற்போருக்கென்று தயாரிக்கப்படும் அகராதிகளில் பெயர்ச்சொல்லின் அருகே 'சி' என்றோ 'யூ' என்றோ ஓர் எழுத்து அச்சிடப்பட்டிருக்கும். முன்னது எண்ணத்தக்கது, பின்னது எண்ணத்தகாதது. இந்தக் குறியீட்டைக் கற்போர் அகராதியில் நிலைநிறுத்தியவர் ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹோர்ன்பி. அவரும் இரு துணைவரும் தொகுத்த அகராதி 1942 இல் தோக்கியோவில் வெளிவந்தது. ஜப்பானிய மொழியிலும் பன்மை உருபு கட்டாயமில்லை. அந்த மாணவர்களின் தேவையைக் கண்டுதான் அவர் இந்தக் குறியில் அக்கறை கொண்டிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நமது பிள்ளைகளின் தேவையும் அதே தேவைதான். ஆங்கில-தமிழ் அகராதிகள் பலவற்றில் இந்த எழுத்து இல்லை என்பதால், பொருள் பார்க்க ஓர் அகராதியும் இதைப் பார்க்க இன்னொன்றும் வைத்திருக்கச் சொல்கிறேன். இப்போது கற்போர் அகராதிகள் கைபேசியிலும் இலவசமாகக் கிடைக்கின்றன.

என் வகுப்பில் புதிய பெயர்ச்சொல் எதையும் கொப்பியில் தனியாக எழுத விடுவதில்லை. எண்ணத்தக்கது என்றால் 'எ' அல்லது 'அன்' சேர்த்து ஒரு முறையும் பன்மையில் ஒரு முறையும் எழுத வேண்டும். எண்ணத்தகாதது என்றால் 'சம்' சேர்த்து எழுதி, அதை எண்ணுவதற்குரிய அலகையும் பக்கத்தில் குறிக்க வேண்டும். 'அட்வைஸ்' என்ற சொல்லுக்கு எதிரே 'எ பீஸ் ஒவ்' என்றும், 'ப்ரெட்' என்ற சொல்லுக்கு எதிரே 'எ லோஃப் ஒவ்' என்றும் வரும். இரு பக்கமும் நிற்கக்கூடிய சொல்லுக்கு இரண்டு வரி ஒதுக்கி, இரண்டு வாக்கியம் எழுத வேண்டும். தமிழ்ப் பொருளை அதற்குப் பிறகே எழுத அனுமதிக்கிறேன்.